ஏஏ கூட்டத்துக்கு முதல்முறை வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

எங்கள் குழுவின் போன் சில வருடங்களாக என்னிடம்தான் இருக்கிறது. சாயங்காலம் ஆறு மணிக்கு வரும் அழைப்புகள் ஒரு ரகம், நடுராத்திரியில் வருபவை வேறு ரகம். பாதிப் பேர் "என் நண்பர் ஒருத்தருக்காகக் கேட்கிறேன்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். கேள்விகள் மட்டும் மாறுவதே இல்லை என்பதால் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். பெயர் போடவில்லை, எங்கள் வழக்கம் அப்படி. இதில் இருப்பது ஒரு உறுப்பினராக நான் பார்த்ததும் கேட்டதும். ஏஏ சார்பாகப் பேச யாருக்கும் அதிகாரம் கிடையாது, எனக்கும் இல்லை.

ஏஏ என்றால் என்ன? ஆஸ்பத்திரியா, டிரஸ்டா?

இரண்டும் இல்லை. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற பெயரின் சுருக்கம் ஏஏ. பெயர் வெளியே சொல்லிக்கொள்ளாத குடிநோயாளிகள் என்று அர்த்தம். குடியை நிறுத்த நினைப்பவர்களும் ஏற்கெனவே நிறுத்தியவர்களும் சேர்ந்து உட்கார்ந்து பேசும் இடம், அவ்வளவுதான். டாக்டர் இல்லை, கவுன்சிலர் இல்லை, வார்டன் இல்லை. முன்னால் உட்கார்ந்து கூட்டத்தை நடத்துகிறவரும் குடிநோயாளிதான். அடுத்த மாதம் அந்த நாற்காலியில் வேறொருவர் இருப்பார்.

'குடிகாரன்' என்று சொல்லாமல் 'குடிநோயாளி' என்கிறோமே, அது கௌரவத்துக்காக வைத்துக்கொண்ட பெயர் இல்லை. அமெரிக்க மருத்துவச் சங்கம் 1956லேயே இதை நோய் என்று ஏற்றுக்கொண்டது. திட்டினால் சர்க்கரை வியாதி குறையுமா? இதுவும் அப்படித்தான். அதற்காகப் பொறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாது. நோய் என்று தெரிந்தபின் மருந்து சாப்பிடுவது நோயாளியின் வேலை.

யார் ஆரம்பித்தது?

1935 மே மாதம். அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தின் ஆக்ரன் நகரம். பில் வில்சன் என்ற பங்குச்சந்தைக்காரர் நியூயார்க்கிலிருந்து ஒரு வியாபார விஷயமாக அங்கே வந்திருந்தார். வந்த காரியம் கெட்டுப்போனது. குடியை விட்டு ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. ஹோட்டல் கூடத்தில் ஒரு பக்கம் பார், சிரிப்புச் சத்தம். இன்னொரு பக்கம் டெலிபோன். இரண்டுக்கும் நடுவே அவர் நடந்துகொண்டிருந்தார் என்று சொல்வார்கள். கடைசியில் டெலிபோன் பக்கம் போய், தேவாலயங்களின் பட்டியலைப் பார்த்து, தன்னைப்போல் குடியில் மாட்டிய யாராவது இருந்தால் பேச வேண்டும் என்று கேட்டார். அப்படிக் கிடைத்தவர் டாக்டர் பாப் ஸ்மித் என்ற அறுவைச் சிகிச்சை மருத்துவர். டாக்டருக்குக் கை நடுக்கம், தலைவலி. கால் மணி நேரத்துக்கு மேல் உட்கார மாட்டேன் என்று கறாராகச் சொல்லிவிட்டுத்தான் வந்தார். ஆறு மணி நேரத்துக்கும் மேல் பேசினார்கள்.

பில் அவருக்குப் புத்தி எதுவும் சொல்லவில்லை. தன் கதையைச் சொன்னார். டாக்டருக்குப் புத்தி சொல்ல வீட்டிலும் ஆஸ்பத்திரியிலும் ஏற்கெனவே நிறையப் பேர் இருந்தார்களே! அந்த டாக்டர் கடைசியாகக் குடித்த நாள் 1935 ஜூன் 10. அதைத்தான் ஏஏவின் பிறந்தநாளாக வைத்திருக்கிறோம். இந்தியாவில் 1957இல் தொடங்கியது.

நான் குடிநோயாளிதானா? தினமும் குடிப்பதில்லையே. மாலை போட்டால் 48 நாளும் தொடுவதில்லையே.

போனில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். நானே எனக்குள் ஏழெட்டு வருடம் கேட்டுக்கொண்ட கேள்வியும் இதுதான்.

மாலை போட்ட ஒரு மண்டலம் குடிக்காமல் இருப்பது பெரிய விஷயம், மறுக்கவில்லை. ஆனால் இருமுடியை இறக்கிவைத்துவிட்டுத் திரும்பும்போது வேனில் என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். நான் மலையிலிருந்து இறங்கும்போதே அடுத்த ஊரில் கடை எத்தனை மணிக்குத் திறக்கும் என்று கணக்குப் போட்டவன். கோயிலில் கயிறு கட்டிச் சத்தியம் செய்கிறவர்களும் அப்படித்தான். மூன்று மாதம் என்று சாமியிடம் தவணை சொல்லிவிட்டு, தொண்ணூற்றியோராவது நாளுக்காகக் காத்திருப்பார்கள். கயிற்றைக் கழற்றித் தொட்டிலில் வைத்துவிட்டுக் குடித்தவரையும் எங்கள் குழுவில் பார்த்திருக்கிறேன். (குழந்தையின் தொட்டிலில். அங்கே இருந்தால் சாமிக்குக் கோபம் வராது என்பது அவருடைய கணக்கு.)

எத்தனை நாள் குடிக்காமல் இருக்கிறீர்கள் என்பதைவிட, குடிக்க உட்கார்ந்தால் என்ன ஆகிறது என்பதுதான் கேள்வி. ஒரு கட்டிங் போதும் என்று போய், கடையை மூடும்வரை இருக்கிறீர்களா? இரண்டு பீர் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போன கணக்கு ஒருநாளாவது சரியாக வந்திருக்கிறதா? காலையில் கை நடுங்கி, அதை நிறுத்தவே ஒரு வாய் தேவைப்படுகிறதா? இதற்கெல்லாம் என்ன பதில் என்று எங்களிடம் சொல்ல வேண்டாம். யாரும் உங்களைக் குடிநோயாளி என்று முத்திரை குத்த மாட்டார்கள். குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை ஒன்று போதும், வேறு தகுதி கேட்பதில்லை.

நாளையிலிருந்து சுத்தமாக நிறுத்திவிட்டு அப்புறம் கூட்டத்துக்கு வருகிறேன். சரியா?

இந்தப் பதிலை மட்டும் தயவுசெய்து நிதானமாகப் படியுங்கள்.

எப்போதாவது குடிப்பவர் சட்டென்று நிறுத்தலாம். வருடக்கணக்கில் தினமும், அதுவும் காலையிலேயே ஆரம்பிக்கிறவர், வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு தானாக நிறுத்தக்கூடாது. உடம்பு மதுவுக்குப் பழகிப்போயிருக்கும். நிறுத்திய சில மணி நேரத்தில் நடுக்கம், வேர்வை, படபடப்பு, வாந்தி தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறும்; இல்லாத ஆளோடு பேசுவார்கள், சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார்கள், வீட்டையே அடையாளம் தெரியாது. 'பேய் பிடித்துவிட்டது' என்று வேப்பிலை அடிக்க அழைத்துப் போவது இந்தக் கட்டத்தில்தான். அது டெலிரியம் ட்ரெமன்ஸ். உயிர் போகும் ஆபத்து உள்ள நிலை. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஆகவே முதலில் டாக்டர். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே போய் எவ்வளவு குடிக்கிறீர்கள் என்று உண்மையான கணக்கைச் சொல்லுங்கள். இரண்டு குவார்ட்டரை 'கொஞ்சம்' என்று சொன்னால் மருந்தின் அளவும் தப்பாகும். நடுக்கத்தை அடக்க மாத்திரையும், நரம்புக்குத் தயமின் என்ற பி1 வைட்டமினும் கொடுப்பார்கள். சில நாள் படுக்கச் சொன்னால் படுத்துவிடுங்கள்.

உடம்பிலிருந்து சரக்கை இறக்குவது டாக்டரின் வேலை. அதற்கப்புறம் வரும் சாயங்காலங்களை என்ன செய்வது என்பதற்குத்தான் கூட்டம்.

கூட்டம் எங்கே நடக்கிறது? எப்படிக் கண்டுபிடிப்பது?

பெரும்பாலும் நீங்கள் தினமும் கடந்துபோகும் இடத்தில்தான். சர்ச்சுக்குப் பின்னால் உள்ள சின்ன ஹால், பள்ளி விட்டபிறகு ஒரு வகுப்பறை, ஆஸ்பத்திரியில் ஒரு அறை. வாசலில் பெரிய போர்டு இருக்காது. நீல வட்டத்துக்குள் முக்கோணம் வரைந்த சின்ன அட்டை மாட்டியிருந்தால் அதிர்ஷ்டம்.

ஏஏ இந்தியாவின் இணையதளத்தில் ஊர்வாரியாகப் பட்டியல் இருக்கிறது. ஆனால் பட்டியலை மட்டும் நம்பிப் போகாதீர்கள். ஹால் மாறும், நேரம் மாறும், பட்டியல் மெதுவாகத்தான் மாறும். போட்டிருக்கும் எண்ணுக்கு ஒருமுறை பேசிவிடுங்கள். இணையம் தெரியாதவர்கள் அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில் கேட்கலாம். அங்குள்ள சமூகப் பணியாளர்களுக்குப் பக்கத்துக் குழுக்களைத் தெரிந்திருக்கும். போதை மீட்புக்கான மத்திய அரசின் கட்டணமில்லா எண் 14446. மனசு ரொம்பக் கலங்கியிருந்தால், தற்கொலை எண்ணம் வந்தால், 14416. டெலி மானஸ் என்ற அந்தச் சேவையில் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

முதல் கூட்டம் பிடிக்கவில்லை என்றால் ஏஏவே பிடிக்கவில்லை என்று முடிவுகட்ட வேண்டாம். ஒரு குழுவில் எல்லாம் ரிட்டயர்டு ஆட்களாக இருப்பார்கள், இன்னொன்றில் ஆட்டோ ஓட்டுகிறவர்களும் ஐடி பையன்களும் கலந்திருப்பார்கள். மூன்று நான்கு இடம் போய்ப் பாருங்கள். டீக்கடைக்கே நாம் அப்படித்தானே செய்கிறோம்?

முதல் நாள் உள்ளே போனால் என்ன நடக்கும்?

நான் போன முதல் கூட்டத்தையே சொல்கிறேன். மாலை ஏழு மணி. பள்ளிக்கூட வகுப்பறை. ஐந்தாம் வகுப்புப் பெஞ்சு, முழங்கால் இடிக்கும். கரும்பலகையில் பின்னங்கள் அழிக்கப்படாமல் இருந்தன. பன்னிரண்டு பேர் இருந்திருப்பார்கள். எல்லாரும் துவண்டு போய்க் கிடப்பார்கள் என்று நினைத்திருந்தேன். உள்ளே நுழையும்போது எல்லாரும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு எரிச்சலாக இருந்தது. ஒருவர் வந்து கை கொடுத்தார். என் கை நடுங்கியதை அவர் கவனித்திருப்பார். ஒன்றும் சொல்லாமல் டீயைப் பாதிக் கப் மட்டும் ஊற்றிக் கொடுத்தார். முழுக் கப் கொடுத்தால் சிந்தும் என்பது குடித்தவனுக்குத்தான் தெரியும். அன்றைக்கு யார் யார் என்ன பேசினார்கள் என்பது பாதி மறந்துவிட்டது, அந்த அரைக் கப் டீ மறக்கவில்லை.

முறை எளிதுதான். சில நிமிடம் மௌனம். ஒரு சின்ன பிரார்த்தனை: மாற்ற முடியாததை ஏற்கும் அமைதியும், மாற்ற முடிந்ததை மாற்றும் தைரியமும், எது எது என்று பிரித்தறியும் அறிவும் கேட்டு. அப்புறம் ஏஏ என்றால் என்ன என்று ஒரு பத்தி வாசிப்பார்கள். குடியிலிருந்து மீள ஏஏ வகுத்துவைத்திருக்கும் வழிமுறைக்குப் பன்னிரண்டு படிகள் என்று பெயர்; அவற்றில் ஒன்றை வாசிப்பதும் உண்டு. அதன்பின் ஒவ்வொருவராகப் பேசுவார்கள். "என் பெயர் இன்னது, நான் ஒரு குடிநோயாளி" என்று ஆரம்பித்து, எப்படி இருந்தேன், என்ன நடந்தது, இப்போது எப்படி இருக்கிறேன் என்று ஐந்து பத்து நிமிடம். இதைப் பகிர்தல் என்போம். பேசுகிறவரை யாரும் இடைமறிக்க மாட்டார்கள், முடித்தபின் அறிவுரையும் சொல்ல மாட்டார்கள். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

இந்த நேரத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஏழிலிருந்து எட்டரை என்பது, வேலை முடிந்து டாஸ்மாக் வரிசையில் நாம் நின்ற நேரம். அந்த ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டி, வீட்டுக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டுவிட்டால், அன்றைய கண்டம் பெரும்பாலும் கழிந்த மாதிரிதான்.

நானும் பேசியே ஆக வேண்டுமா?

வேண்டாம். "இன்றைக்குக் கேட்க மட்டும் வந்தேன்" என்றால் போதும். ஆறு மாதம் வாயே திறக்காதவர்களும் இருந்திருக்கிறார்கள். அப்படி இருந்த ஒருவர் இப்போது மணி அடித்தாலும் நிறுத்துவதில்லை. அது வேறு கதை.

எவ்வளவு செலவாகும்?

நுழைவுக் கட்டணம், சந்தா எதுவும் கிடையாது. கடைசியில் ஒரு பை சுற்றி வரும். இருப்பவர்கள் பத்தோ இருபதோ போடுவார்கள்; ஹால் வாடகைக்கும் டீக்கும் அது. முதல் நாள் வந்தவரைப் போட வேண்டாம் என்றே சொல்வோம். வெளியார் நன்கொடை தந்தால் வாங்குவதில்லை, அரசாங்கப் பணமும் வாங்குவதில்லை. ஒருவர் தன் மகன் திருந்திவிட்டான் என்ற சந்தோஷத்தில் பெரிய தொகையோடு வந்தார். அவர் உறுப்பினர் இல்லை என்பதால் திருப்பி அனுப்பினோம். அவருக்கு வருத்தம்தான்.

தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால்?

பார்த்தால், அவரும் அதே காரணத்துக்காகத்தான் அங்கே உட்கார்ந்திருப்பார். கூட்டத்தில் பார்த்த முகமும் கேட்ட விஷயமும் கூட்டத்திலேயே விடப்பட வேண்டும் என்பது எங்களிடம் ரொம்பக் கறாரான வழக்கம். வெளியே சந்தையில் பார்த்தால் நீங்கள் தலையாட்டும்வரை நாங்கள் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ள மாட்டோம். முழுப்பெயர், வேலை, விலாசம் எதையும் கேட்பதில்லை. போலீஸில் இருப்பவர்களும் வாத்தியார்களும் வருகிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபிக்காதீர்கள். நாம் தெருவில் விழுந்து கிடந்ததை ஊர் ஏற்கெனவே பார்த்துவிட்டது. குடிக்கப் போகும்போது வராத வெட்கம் நிறுத்தப் போகும்போது வருவதுதான் இந்த நோயின் வேடிக்கை.

கூட்டங்களில் இரண்டு வகை உண்டு. மூடிய கூட்டத்தில் குடிநோயாளிகள் மட்டும். திறந்த கூட்டத்துக்குக் குடும்பத்தார், மாணவர்கள், யார் வேண்டுமானாலும் வரலாம். ரொம்பத் தயக்கமாக இருந்தால் மூடிய கூட்டம் எது என்று கேட்டு அதற்கு வாருங்கள்.

குடித்துவிட்டு வரலாமா?

வரலாம். அமைதியாக உட்கார்ந்து கேட்டால் போதும். அன்றைக்குப் பேசாமல் இருப்பது நல்லது. கலாட்டா செய்தால் இரண்டு பேர் தோளில் கை போட்டு வெளியே டீக்கடைக்கு அழைத்துப் போவார்கள். அடுத்த கூட்டத்துக்கு வாருங்கள் என்றும் சொல்வார்கள்.

எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. இது மதக் கூட்டமா? சர்ச்சில் வேறு நடக்கிறதே.

சர்ச்சில் நடப்பது ஹால் வாடகை மலிவு என்பதால். மதம் மாற்றும் வேலை கிடையாது. ஆனால் படிகளில் கடவுள் என்ற சொல் வரும், அதை மறைக்க முடியாது. 'நாம் அறிந்துகொண்டபடியான கடவுள்' என்றும் 'நம்மைவிட உயர்ந்த சக்தி' என்றும் அதற்கு வழி விட்டிருக்கிறார்கள். கறுப்புச் சட்டைக்காரர் ஒருவர் எங்கள் குழுவில் இருக்கிறார். "நான் ஒருத்தன் முயற்சி பண்ணித் தோத்தேன், இங்க பத்துப் பேர் சேர்ந்து ஜெயிக்கிறீங்க, அப்ப பத்துப் பேர் என்னைவிடப் பெரிய சக்திதானே, கணக்குச் சரியா இருக்கு" என்பார். பிரார்த்தனை நேரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். யாரும் கேட்டதில்லை.

அதுவும் ஒத்துவரவில்லை என்றால் ஸ்மார்ட் ரெகவரி என்று ஒன்று இருக்கிறது. கடவுள் பேச்சே இல்லாமல், எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் பயிற்சிகளை வைத்து நடத்துகிறார்கள். இணையத்தில் கூட்டங்கள் உண்டு. குடி நிற்க வேண்டும், அவ்வளவுதான். எந்தக் கதவு வழியாக என்பதில் எனக்கு வீம்பு இல்லை.

பெண்கள் வரலாமா?

கட்டாயம் வரலாம். நம் ஊரில் வருவது குறைவு, காரணம் சொல்லத் தேவையில்லை. ஆண் குடித்தால் 'பாவம், பழக்கம்'. பெண் குடித்தால் அதற்கு ஊர் வைக்கும் பெயர் வேறு. பெண்கள் மட்டும் கூடும் இணையக் கூட்டங்கள் இருக்கின்றன, கேமராவை அணைத்துவிட்டுக் கேட்கலாம். நேரில் வருவதாக இருந்தால் முதலில் போன் செய்து, அன்று வேறு பெண் உறுப்பினர் வருகிறாரா என்று கேட்டுவிட்டு வாருங்கள். புதிதாக வரும் பெண்ணோடு பெண் உறுப்பினர்தான் போனில் தொடர்பில் இருக்க வேண்டும் என்பது எங்கள் குழு வைத்திருக்கும் வழக்கம்.

நான் மனைவி. அவர் வரமாட்டேன் என்கிறார். தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்க ஒரு மருந்து இருக்கிறதாமே?

கொடுக்காதீர்கள் அம்மா. டைசல்ஃபிராம் என்ற மாத்திரையைத்தான் இப்படிப் பொடி செய்து குழம்பில் போடுகிறார்கள். அது உடம்பில் இருக்கும்போது மது போனால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் இறங்கிவிடும், உயிரே போகலாம். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம்வரைகூட அந்த வேகம் இருக்கும். டாக்டர் பார்த்து, அவருக்கே சொல்லி, அவர் சம்மதத்தோடு கொடுத்தால் அது மருந்து. தெரியாமல் கொடுத்தால் விஷம். பாக்கெட்டில் 'மூலிகை' என்று அச்சடித்திருப்பதை நம்ப வேண்டாம், உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

அவர் வராவிட்டால் நீங்கள் வாருங்கள். குடும்பத்தாருக்கென்று ஆல்-அனான் என்ற தனிக் கூட்டம் இருக்கிறது. 1951இல் பில் வில்சனின் மனைவி லோயிஸும் ஒரு தோழியும் சேர்ந்து தொடங்கியது. அங்கே முதலில் கற்றுக்கொடுப்பது மூன்று விஷயம்: இந்தக் குடியை நான் உண்டாக்கவில்லை, என்னால் கட்டுப்படுத்த முடியாது, என்னால் குணப்படுத்தவும் முடியாது. பாட்டிலைக் கீழே ஊற்றிப் பார்த்தாயிற்று, பிள்ளைகள் மேல் சத்தியம் வாங்கிப் பார்த்தாயிற்று, ஆபீசுக்குப் போன் செய்து "அவருக்குக் காய்ச்சல்" என்று பொய்யும் சொல்லியாயிற்று. அந்தப் பொய்யை நிறுத்துவதுதான் அங்கே பலர் எடுத்துவைக்கும் முதல் அடி. என் மனைவி எனக்கு எட்டு மாதம் முன்பே அங்கே போக ஆரம்பித்தாள். ஒருநாள் ராத்திரி சண்டை போடாமல் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டாள். எனக்கு அன்றைக்குத்தான் பயம் வந்தது.

அடி உதை இருந்தால் இதெல்லாம் அப்புறம். முதலில் பிள்ளைகளோடு பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள். பெண்களுக்கான உதவி எண் 181.

மறுவாழ்வு மையத்தில் சேர்க்கலாமா? வண்டி வைத்து வந்து தூக்கிப்போகிறார்களாம்.

நல்ல மையங்கள் இருக்கின்றன. சென்னையில் டி.டி. ரங்கநாதன் நினைவாக 1980இல் அவர் மனைவி சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டிடிகே மருத்துவமனை இந்த வழியில் முன்னோடி. கணவரைக் குடிக்குப் பறிகொடுத்தவர் அவர். மையத்துக்கு ஆளைக் கொண்டுவருவதோடு நிற்காமல், மஞ்சக்குடி போன்ற கிராமங்களில் முகாம் போட்டு அங்கேயே சிகிச்சை கொடுத்தார்கள்.

அதே சமயம், ஒரு வாடகை வீட்டின் ஜன்னலுக்குக் கம்பி அடித்துவிட்டு மையம் என்று போர்டு மாட்டியவர்களும் இருக்கிறார்கள். எங்கள் குழுவில் ஒருவரை அதிகாலை நான்கு மணிக்கு லுங்கியோடு தூக்கிப்போனார்கள். மூன்று மாதம் அடி வாங்கினார். வெளியே வந்த அன்றே குடித்தார். சேர்ப்பதற்கு முன் நேரில் போய்ப் பாருங்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி மாநில மனநல ஆணையத்தில் பதிவு இருக்க வேண்டும். சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். மனநல மருத்துவர் எந்தெந்த நாள் வருகிறார், வீட்டார் எப்போது வந்து பார்க்கலாம் என்று கேளுங்கள். 'மூன்று மாதம் பார்க்கவே கூடாது' என்றால் அப்படியே திரும்பிவிடுங்கள்.

எவ்வளவு நல்ல மையமாக இருந்தாலும் வீட்டுக்கு வந்துதானே ஆக வேண்டும்? டிஸ்சார்ஜ் ஆன அன்று சாயங்காலமே ஒரு கூட்டத்தில் உட்கார்ந்துவிடுவது நல்லது.

மனநல மாத்திரை சாப்பிடுகிறேன். அதுவும் போதைதான் என்று ஒருவர் கூட்டத்தில் சொன்னாரே?

அவர் டாக்டர் இல்லை. டாக்டர் கொடுத்த மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். குடி ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகளும் இருக்கின்றன, கேட்டுப் பாருங்கள். மறைந்திருக்கும் மதுவில்தான் கவனம் வேண்டும். சில இருமல் டானிக்குகளில் உண்டு. தசமூலாரிஷ்டம் மாதிரி அரிஷ்டங்களில் நொதித்து வரும் ஆல்கஹால் உண்டு. மருந்துக்கடையில் கேட்டு வாங்குங்கள்.

எத்தனை நாள் வர வேண்டும்?

தொடக்கத்தில் 90 நாளில் 90 கூட்டம் என்பது பழைய வழக்கு. நம் ஊரில் தினமும் கூட்டம் கிடைக்காது. நேரில் கிடைக்காத நாள் ஜூமில் போகலாம். இரண்டு மூன்று மாதத்தில் ஒரு ஸ்பான்சரைப் பிடித்துக்கொள்ளுங்கள். நமக்கு முன்பே நிறுத்தி, படிகளைக் கடந்துவந்த ஒருவர். குருவும் இல்லை, கடன் கொடுக்கிறவரும் இல்லை. குடிக்கத் தோன்றினால் குடிப்பதற்கு முன் கூப்பிட ஒரு எண், அவ்வளவுதான். குடித்தபின் கூப்பிட்டுப் பிரயோஜனமில்லை.

ஆயுசுக்கும் குடிக்க மாட்டேன் என்று யாரும் சத்தியம் கேட்பதில்லை. இன்று ஒரு நாள் மட்டும். தாங்கவில்லையா, இரவு பத்து மணி வரைக்கும், கடை மூடும்வரை மட்டும்.

மறுபடி குடித்துவிட்டேன். எந்த முகத்தோடு வருவது?

இருக்கிற முகத்தோடுதான். நானும் முதல் வருடத்தில் இரண்டு முறை விழுந்தேன், ஒரு தடவை மச்சான் கல்யாணத்தில், இன்னொரு தடவை ஒரு காரணமும் இல்லாமல். இரண்டாவதுதான் அதிகம் வலித்தது. பசி, கோபம், தனிமை, அசதி இந்த நான்கில் ஏதாவது அன்றைக்கு இருந்ததா என்று ஸ்பான்சர் கேட்டார். நான்குமே இருந்தது.

கல்யாணத்துக்குப் போனால் பந்தியில் சாப்பிட்டுவிட்டு, மாடிக்குப் போகாமல் கிளம்பிவிடுங்கள். (மாடியில் என்ன நடக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.) துக்க வீட்டில் இடுகாட்டுக்குப் போய்த் திரும்பும் வழிதான் ஆபத்து, அங்கே ஒருவர் பாட்டிலோடு நிற்பார். யாராவது வற்புறுத்தினால் நீளமாகக் காரணம் சொல்லாதீர்கள், பேச்சு வளரும். "டாக்டர் கூடாதுன்னுட்டார்" என்றால் முடிந்தது. அது பொய்யும் இல்லை.

உண்மையிலேயே பலன் உண்டா?

என்னைக் கேட்டால் உண்டு என்பேன், ஆனால் என் சொல் சாட்சி ஆகாது. காக்ரன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு 2020இல் ஒரு தொகுப்பை வெளியிட்டது. 27 ஆய்வுகள், 10,565 பேர். முறையான பயிற்சியோடு ஏஏவில் இணைக்கப்பட்டவர்கள் தொடர்ந்து குடிக்காமல் இருப்பதில், மற்ற பேச்சுச் சிகிச்சைகளுக்குப் போனவர்களைவிட முன்னால் இருந்தார்கள். குடிக்கும் அளவு போன்ற மற்ற கணக்குகளில் கிட்டத்தட்ட சமம். எல்லாருக்கும் பலிக்கும் என்று அதற்கு அர்த்தமில்லை. வந்து, போய், இறந்துபோன நண்பர்கள் எங்களுக்கு இருக்கிறார்கள்.

எங்கள் ஊரில் கூட்டமே இல்லை.

ஆக்ரனில் இருந்ததும் இரண்டு பேர்தான். முதலில் இணையக் கூட்டங்களில் சேர்ந்து நீங்கள் நிலைபெறுங்கள். பிறகு பக்கத்து ஊர்க் குழுவிடம் சொன்னால் வந்து தொடங்க உதவுவார்கள். வாரம் ஒருநாள், ஒரே இடம், ஒரே நேரம். எங்கள் குழுவின் முதல் ஏழு வாரமும் இரண்டே பேர் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்களாம். எட்டாவது வாரம் மூன்றாவது ஆள் வந்தபோது, வழி தப்பி வந்துவிட்டார் என்று நினைத்து வெளியே அனுப்பப் பார்த்தார்களாம்.

வாசல்வரை வந்தேன். உள்ளே வரத் தைரியமில்லை, திரும்பிவிட்டேன்.

எதிர் டீக்கடையில் நின்று பார்த்துவிட்டுப் போனீர்களா? நான் மூன்று வியாழக்கிழமை அப்படிச் செய்தேன். அந்தக் கடைக்காரருக்கே எங்களை அடையாளம் தெரியும். அடுத்த முறை வருவதற்குப் பத்து நிமிடம் முன்னால் எண்ணுக்குக் கூப்பிடுங்கள். யாராவது ஒருவர் கேட்டுக்கு வெளியே வந்து நிற்போம். பெயர் சொல்ல வேண்டாம், சட்டை என்ன நிறம் என்று மட்டும் சொல்லுங்கள்.